ரயில் போன வழியில் ஒரு நடை

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை வீட்டுக்கோ பெண் வீட்டுக்கோ ஆறு மாதம் போய்வருவது என்பது நம் சங்கத்துக் குடும்பங்களில் இப்போது காசி, ராமேசுவரம் போய்வருவது போல ஆகிவிட்டது. போய்வந்தவர்களைக் கேட்டால் நயாகரா, சுதந்திர தேவி சிலை, வெள்ளை மாளிகை என்று ஒரு பட்டியல் சொல்வார்கள். அவ்வளவையும் சேர்த்தால் பத்து நாள். மீதி ஐந்தரை மாதம் எப்படிக் கழிந்தது என்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. காலை எட்டு மணிக்கு மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். குழந்தைகளைப் பள்ளி பஸ் ஏற்றிக்கொண்டு போய்விடும். கார் ஓட்டத் தெரியாத நாம் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்போம். தெருவில் மனித நடமாட்டம் இருக்காது.

நானும் என் மனைவியும் 2023-ஆம் ஆண்டு மே மாதம் முதல் அக்டோபர் வரை இலினாய் மாநிலத்தில், சிகாகோவுக்கு மேற்கே உள்ள புறநகர் ஒன்றில் மகன் வீட்டில் இருந்தோம். (ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் ஒரு ‘ஸ்’ வரும்; உச்சரிப்பில் வராது. இதை என் பேத்தி எனக்கு மூன்று முறை திருத்தினாள்.) அந்த ஆறு மாதத்தில் நாங்கள் பார்த்த இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. பலவற்றுக்குக் கூட்டமும் கிடையாது. ஆனால் அந்த மாநிலம் எப்படி உருவாயிற்று, யார் கையால் உருவாயிற்று என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். இனிமேல் போகப்போகிற நண்பர்களுக்கு உபயோகப்படட்டும் என்றே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. டிப்ளமா முடித்து ரயில்வேயில் பெர்மனன்ட் வே பிரிவில் சேர்ந்தவன். தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி, கரை, கல்வெர்ட் இவைதான் என் உத்தியோகம். கேங்மேன்களோடும் கீமேன்களோடும் லைனில் நடந்தே பாதி ஆயுள் கழிந்தது. ஆகவே எந்த ஊருக்குப் போனாலும் என் கண் முதலில் தரையைத்தான் பார்க்கும்.

தண்டவாளம் இல்லாத ரயில் கரை

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் மகன் சொன்னான்: “அப்பா, வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு தெரு தள்ளி ஒரு பாதை போகுது. நடந்து பாருங்க. உங்களுக்குப் பிடிக்கும்.”

போய்ப் பார்த்தேன். இருபுறமும் மரங்கள். நடுவே பொடிக்கல் போட்டு இறுக்கிய பாதை. சைக்கிளில் போவோர், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து ஓடுவோர், நாயோடு நடப்போர். பத்து நிமிடம் நடந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஏற்றம் என்பது கண்ணுக்கே தெரியவில்லை. வளைவுகள் எல்லாம் நீண்ட, நிதானமான வளைவுகள். தாழ்வான நிலம் வந்தால் பாதை கரை மேலே போகிறது. மேடு வந்தால் வெட்டி உள்ளே போகிறது. தெருவுக்குப் போடும் பாதை இப்படி இருக்காது. இது ரயில் லைன்தான் என்று மனைவியிடம் சொன்னேன். “இங்கேயும் வந்து லைன் இன்ஸ்பெக்‌ஷனா?” என்றாள்.

அதன் பெயர் இலினாய் ப்ரெய்ரி பாத். ப்ரெய்ரி என்பது அந்தப் பகுதியின் பழைய புல்வெளி. கிளைகள் எல்லாம் சேர்த்துச் சுமார் 61 மைல், அதாவது ஏறக்குறைய 98 கிலோமீட்டர். சிகாகோவின் மேற்குப் புறநகரில் தொடங்கி வீட்டன் என்ற ஊர்வரை வந்து, அங்கே இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை எல்ஜின் நகருக்கும், மற்றொன்று அரோரா நகருக்கும் போகிறது. நம்மவர்கள் போகும் பாலாஜி கோயில் இருக்கிறதே, அந்த அரோராதான்.

இந்த வழியில் ஓடியது ‘சிகாகோ அரோரா அண்ட் எல்ஜின்’ என்ற மின்சார ரயில். 1902-ல் தொடங்கியது. மேலே கம்பி இல்லாமல், தண்டவாளத்தின் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு தண்டவாளம் போட்டு அதிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடிய வண்டி. ஐம்பது ஆண்டுக்கு மேல் புறநகர் மக்களைச் சிகாகோவின் நடு மையத்துக்கே கொண்டுபோய் இறக்கியது. பிறகு கார்கள் பெருகின. நகருக்குள் விரைவுச் சாலை போடுவதற்காக 1953-ல் இந்த ரயிலை நகர எல்லைக்கு வெளியே உள்ள ஃபாரஸ்ட் பார்க்கிலேயே நிறுத்திவிட்டார்கள். பயணிகள் அங்கே இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். நேர் வண்டி போய் மாற்று வண்டி வந்தால் என்ன ஆகும் என்பது ரயில்வேக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கூட்டம் வேகமாகக் குறைந்தது.

முடிவு வந்த விதம்தான் வேதனையானது. 1957 ஜூலை 3-ஆம் தேதி. காலையில் வழக்கம்போல ஆயிரக்கணக்கானவர்கள் வண்டி ஏறி வேலைக்குப் போனார்கள். நிறுத்திக்கொள்ளலாம் என்ற கோர்ட் அனுமதி அன்று பகலில் கம்பெனிக்குக் கிடைத்தது. மதியம் 12 மணி தாண்டியதும் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். காலையில் போனவர்கள் மாலையில் ஸ்டேஷனுக்கு வந்தால் வண்டி இல்லை!

பாதையோர பெஞ்சில் ஒரு நாள் ஒரு முதியவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். நான் ரயில்வேக்காரன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. சின்னப் பையனாக அந்த வண்டியில் போனவராம். அவருடைய தந்தையும் அன்று நகரத்தில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர். பலர் காரில் தொற்றிக்கொண்டு இரவு வெகு நேரம் கழித்து வீடு வந்தாராம். “அதன் பிறகு என் அப்பா எந்தக் கம்பெனியையும் நம்பவில்லை” என்று சொல்லிச் சிரித்தார். அறுபத்தாறு ஆண்டு கழித்தும் அது அவருக்கு நேற்று நடந்தது போல இருந்தது.

1959-ல் சரக்கு வண்டிகளும் நின்றன. 1961-ல் லைனே கைவிடப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். கரை மட்டும் முள்ளும் புதருமாகக் கிடந்தது. வீட்டு மனை போட ஒருவர், கார் நிறுத்த ஒருவர், சாலையை அகலப்படுத்த ஒருவர் என்று துண்டு துண்டாகப் போயிருக்க வேண்டிய நிலம் அது.

அதைக் காப்பாற்றியது ஒரு கடிதம். மே தீல்கார்ட் வாட்ஸ் என்ற அம்மையார் தாவரங்கள் பற்றி மக்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை. மார்ட்டன் ஆர்பொரீட்டம் என்ற பெரிய மரத்தோட்டத்தில் பணியாற்றியவர். இங்கிலாந்தில் கிராமத்துக்குக் கிராமம் உள்ள பொது நடைபாதைகளில் நடந்து பார்த்தவர். 1963 செப்டம்பரில் ‘சிகாகோ ட்ரிப்யூன்’ பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தப் பழைய ரயில் வழியை நடைபாதையாக ஆக்கலாம், தாமதித்தால் கைவிட்டுப் போய்விடும் என்பதுதான் சாராம்சம். அப்போது அவருக்கு வயது 70! நம்மில் பலர் அந்த வயதில் ‘இனிமேல் என்ன இருக்கிறது’ என்று சாய்வு நாற்காலி தேடுகிறோம். அவரும் அவருடைய சிநேகிதர்களும் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார்கள், படம் போட்டுக் காட்டினார்கள், தாங்களே புதர் வெட்டினார்கள். 1966-ல் டூபேஜ் கவுண்டி நிர்வாகத்திடமிருந்து பாதை நடைக்காகக் குத்தகைக்குக் கிடைத்தது. ரயில் பாதையை நடைபாதையாக மாற்றுவதில் அந்த நாட்டுக்கே வழிகாட்டிய முயற்சிகளில் இது ஒன்று. இன்று அமெரிக்கா முழுவதும் இப்படி மாற்றிய பாதைகள் 25,000 மைலுக்கு மேல் இருக்கின்றன.

ஒரு எஞ்சினியராக எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இதற்குப் பின்னால் இருக்கும் சட்டம். அங்கே பல இடங்களில் ரயில் கம்பெனிக்கு நிலம் சொந்தமில்லை. ரயில் ஓட்டுகிற வரைக்கும் வழி உரிமை மட்டும்தான். ரயில் நின்றால் நிலம் பக்கத்து நிலக்காரருக்குத் திரும்பிவிடும். ஒரு இடத்தில் அறுந்தாலும் வழி போயிற்று. அறுந்த வழியை மறுபடி சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது நிலம் கையகப்படுத்தும் வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே 1983-ல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. நின்றுபோன வழியை நடைபாதையாக வைத்திருக்கலாம். பின்னால் தேவைப்பட்டால் மறுபடி ரயில் விடலாம். அதுவரை அது கைவிடப்பட்டதாகக் கணக்கில்லை. 1990-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் இச்சட்டம் செல்லும் என்றது. வழியைப் பாங்கில் போட்டுவைப்பது போல! நடக்கிறவர்கள் நடந்துகொண்டே அந்த வழியைக் காவல் காக்கிறார்கள்.

கோயில் மலைக்குக் கீழே ஒரு கால்வாய்

சிகாகோ போகும் நம்மவர்கள் அனைவரும் லெமாண்ட் ராமர் கோயிலுக்குப் போவார்கள். அங்கே விவேகானந்தர் சிலையும் இருக்கிறது. 1893-ல் சர்வ மதப் பேரவைக்காக சுவாமிஜி வந்த நகரமல்லவா! கோயில் கேன்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். காரில் பத்து நிமிடம் இறங்கி லெமாண்ட் ஊருக்குள் போனால் ஒரு பழைய கால்வாய் இருப்பது பலருக்குத் தெரியாது. அந்தக் கால்வாய் இல்லாவிட்டால் சிகாகோ இவ்வளவு பெரிய நகரமாக ஆகியிருக்குமா என்பது சந்தேகம்.

‘இலினாய் – மிச்சிகன் கால்வாய்’ என்று பெயர். சிகாகோவிலிருந்து லசால் வரை 96 மைல். ஒரு பக்கம் மிச்சிகன் ஏரி. மறுபக்கம் மிசிசிப்பியில் போய்ச் சேரும் இலினாய் ஆறு. இரண்டையும் இணைத்தால் நியூயார்க்கிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை படகிலேயே சரக்கு போகலாம். 1836 ஜூலை 4 அன்று தோண்டத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே நாடெங்கும் பணமுடை. மாநில அரசு கடனில் மூழ்கியது. வேலை சில ஆண்டுகள் நின்றே போயிற்று. ஒருவழியாக 1848-ல் திறந்தார்கள்.

அகலம் 60 அடி, ஆழம் 6 அடி. தோண்டியவர்களில் பெரும் பகுதியினர் பஞ்சம் பிழைக்க அயர்லாந்திலிருந்து வந்தவர்கள். கடப்பாரை, மண்வெட்டி, தள்ளுவண்டி, வெடிமருந்து, இவைதான் சாதனங்கள். காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் அநேகம். கையில் காசில்லாத காலத்தில் கூலிக்குப் பதிலாகச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். தூரதேசத்திலிருந்து பிழைக்க வந்து, மற்றவர்கள் ஊருக்கு வழி போட்டுக் கொடுத்தவர்கள். வெளி மாநிலத்தில் காலம் தள்ளும் நமக்கு இந்தக் கதையைக் கேட்டால் மனம் ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும்.

ஏரி மட்டத்துக்கும் லசாலில் ஆற்று மட்டத்துக்கும் ஏறக்குறைய 140 அடி வித்தியாசம். படகு எப்படி இறங்கும்? அதற்குத்தான் ‘லாக்’ என்கிற கதவுத் தொட்டி. கல்லால் கட்டிய நீளமான தொட்டி. 110 அடி நீளம், 18 அடி அகலம். இரு முனையிலும் மரக் கதவுகள். படகு உள்ளே வந்ததும் பின் கதவை மூடி, தண்ணீரை மெல்ல வெளியேற்றுவார்கள். படகு தானாகக் கீழ் மட்டத்துக்கு இறங்கும். பிறகு முன் கதவைத் திறந்தால் போகலாம். மேலே ஏற இதையே தலைகீழாகச் செய்ய வேண்டியதுதான். லாக்போர்ட் என்ற ஊரில் முதல் லாக்கின் கல் சுவர்களை இன்றும் பார்க்கலாம். கல் பொருத்தியிருக்கும் நேர்த்தியைத் தடவிப் பார்த்தேன். நம் பழைய மேஸ்திரிகள் நினைவுக்கு வந்தார்கள்.

படகை இழுத்தது கோவேறு கழுதை. கரையோரமாகக் கழுதை நடந்துபோன அந்தத் தடம்தான் இப்போது நடைபாதை. ஜோலியட் அருகே ராக்டேலில் தொடங்கி லசால் வரை சுமார் 61 மைல் நீளத்துக்கு நடக்கலாம், சைக்கிளிலும் போகலாம். தோண்டும்போது லெமாண்ட் பகுதியில் வெளிர் மஞ்சள் சுண்ணாம்புப் பாறை அகப்பட்டது. அந்தக் கல்லில் 1869-ல் கட்டியதுதான் சிகாகோ நகர நடுவில் உள்ள பழைய தண்ணீர்க் கோபுரம். 1871-ல் நகரமே எரிந்தபோதும் அது நின்றது. கடைத்தெருவுக்குப் போகும்போது எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

கால்வாய் வந்ததும் சிகாகோ வளர்ந்தது. 1837-ல் சுமார் 4,000 பேர் இருந்த ஊர், 1850-ல் ஏறக்குறைய 30,000 ஆயிற்று. ஆனால் விதியைப் பாருங்கள். கால்வாய் திறந்த அதே 1848-ல்தான் சிகாகோவின் முதல் ரயில் எஞ்சினும் ஓடத் தொடங்கியது! ஐந்தே ஆண்டில் கால்வாய்க்குப் பக்கத்திலேயே தண்டவாளம் வந்துவிட, பயணிகள் படகு நின்றுபோயிற்று. சரக்குப் படகு மட்டும் தாக்குப்பிடித்தது. 1933-ல் கால்வாய் மூடப்பட்டது. சிகாகோவுக்குள் இருந்த பகுதியின் மேலே விரைவுச் சாலை போட்டுவிட்டார்கள். கால்வாயை ரயில் விழுங்கியது; ரயிலைச் சாலை விழுங்கியது. மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும் என்று மக்கள் முயன்றதன் பலனாக 1984-ல் அது தேசியப் பாரம்பரிய வழித்தடமாக அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் அந்தப் பெயர் பெற்ற முதல் இடம் இதுதான்.

புல்மன் ஊரில் ஒரு நாள்

ரயில்வேக் குடும்பங்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம் சிகாகோவின் தெற்கே உள்ள புல்மன். நகர மையத்திலிருந்து மெட்ரா மின்சார வண்டியில் போய் 111-ஆவது தெரு ஸ்டேஷனில் இறங்கலாம்.

படுக்கை வசதியுள்ள ரயில் பெட்டிகளுக்குப் பேர்போன ஜார்ஜ் புல்மன், தன் தொழிற்சாலையோடு சேர்த்துத் தொழிலாளர்களுக்கென்று ஒரு ஊரையே 1880-ல் கட்டத் தொடங்கினார். செங்கல் வீடுகள், குழாய்த் தண்ணீர், பூங்கா, கடைத்தொகுதி, தன் மகள் பெயரில் ஃப்ளாரன்ஸ் ஹோட்டல், எல்லாம் உண்டு. உலகமே வந்து பார்த்து வியந்தது. வரிசை வரிசையான அந்த வீடுகள் இன்றும் நிற்கின்றன, மக்கள் குடியிருக்கிறார்கள். எங்கள் ரயில்வே காலனிக்குள் நடப்பது போலவே எனக்கு இருந்தது.

1893-ல் பொருளாதாரம் சரிந்தது. புல்மன் சம்பளத்தைச் சராசரியாகக் கால் பங்குக்கு மேல் வெட்டினார். ஆனால் வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. வாடகை போக மிச்சம் கைக்கு வருவது சில காசுகள் என்ற நிலை வந்தது. 1894 மே மாதம் வேலைநிறுத்தம் தொடங்கியது. யூஜின் டெப்ஸ் தலைமையில் அமெரிக்க ரயில்வே யூனியன், புல்மன் பெட்டி கோத்த வண்டி எதையும் தொடமாட்டோம் என்றது. நாட்டின் பெரும் பகுதியில் ரயில் ஓட்டம் ஸ்தம்பித்தது. ஜனாதிபதி கிளீவ்லண்ட் ராணுவத்தை அனுப்பினார். பலர் உயிரிழந்தார்கள். போராட்டம் தோற்றது, டெப்ஸ் ஆறு மாதம் சிறை போனார். அந்தப் போராட்டத்தின் நடுவிலேதான், 1894 ஜூன் 28-ல், தொழிலாளர் தினத்தைத் தேசிய விடுமுறையாக்கும் சட்டத்தில் அதே கிளீவ்லண்ட் கையெழுத்திட்டார்.

என் பேத்திக்குப் பத்து வயது. எல்லாம் கேட்டுவிட்டு, “தாத்தா, அவர்தானே வீடு கட்டிக் கொடுத்தாரு? அப்புறம் ஏன் அவர் மேல கோபம்?” என்றாள். “உங்க அப்பாவும் குவார்ட்டர்ஸ்லதான்மா வளர்ந்தான். வீடு கொடுத்தாங்க. ஆனா சம்பளமும் வாடகையும் இவ்வளவுன்னு ரூல் இருந்துது. கேட்க யூனியன் இருந்துது. இங்கே சம்பளம், வாடகை ரெண்டும் ஒரே ஆள் கையில. கேட்க வழி இல்லை” என்றேன். புரிந்ததோ இல்லையோ, தலையாட்டினாள். 1897-ல் புல்மன் இறந்தார். கோபத்தில் யாராவது கல்லறையைத் தோண்டிவிடக் கூடும் என்று பயந்து, பெட்டியின் மேல் கான்கிரீட் கொட்டி, ரயில் தண்டவாளங்களையும் குறுக்கே போட்டுப் புதைத்தார்களாம். தண்டவாளத்துக்கு இப்படி ஒரு உபயோகத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை.

இன்னொரு கதையும் அங்கே இருக்கிறது. புல்மன் பெட்டிகளில் படுக்கை விரித்து, செருப்புக்குப் பாலிஷ் போட்டு, பயணிகளைக் கவனித்துக்கொண்டவர்கள் கறுப்பின மக்கள். முதலில் சேர்ந்தவர்களில் பலர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள். பயணிகள் அவர்களைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். முதலாளியின் பெயரால் எல்லோருக்கும் ‘ஜார்ஜ்’ என்ற ஒரே பெயர். ஏ. பிலிப் ராண்டால்ஃப் என்ற தலைவர் 1925-ல் இவர்களுக்குச் சங்கம் அமைத்தார். கம்பெனி கையெழுத்துப் போட 12 ஆண்டுகள் ஆயின. 1937-ல் ஒப்பந்தம் வந்தது. 1963-ல் மார்ட்டின் லூதர் கிங் பேசிய வாஷிங்டன் பேரணிக்குத் தலைமை தாங்கியவரும் இதே ராண்டால்ஃப்தான்.

தொழிற்சாலையின் மணிக்கூண்டுக் கட்டடம் 1998-ல் ஒருவன் வைத்த தீயில் எரிந்தது. இடித்துத் தள்ளாமல் மறுபடி எழுப்பி, 2021-ல் பார்வையாளர் மையமாகத் திறந்தார்கள். 2015-ல் ஜனாதிபதி ஒபாமா இதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். 2022-ல் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. முதலாளியின் மாளிகையை மட்டும் காட்டாமல், அவரை எதிர்த்து நின்றவர்களின் கதையையும் அரசாங்கமே அதே இடத்தில் சொல்கிறது. இதற்காகவே ஒரு நாளை ஒதுக்கலாம்.

லிங்கன் வீடும் மண் மலையும்

சிகாகோவிலிருந்து மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு ஆம்ட்ராக் ரயிலில் சுமார் மூன்றரை மணி நேரம். அந்த லைனில் 2023 ஜூன் முதல் மணிக்கு 110 மைல், அதாவது 177 கிலோமீட்டர் வேகம். ஜன்னலோரம் உட்கார்ந்து ஆட்டம் எப்படி இருக்கிறது என்று கவனித்தேன். நன்றாகவே பராமரிக்கிறார்கள்.

ஆபிரகாம் லிங்கன் சொந்தமாக வாங்கிய ஒரே வீடு அங்கேதான். 1844-ல் வாங்கினார். சுற்றியுள்ள நான்கு பிளாக்குகளிலும் கார்களுக்கு அனுமதியில்லாமல், அந்தக் காலத்துத் தெருவாகவே வைத்திருக்கிறார்கள். அவருடைய மகன் ராபர்ட் லிங்கன் 1887-ல் வீட்டை மாநிலத்துக்குக் கொடுத்தபோது, நன்றாகப் பராமரிக்க வேண்டும், பார்க்க வருபவர்களிடம் காசு வாங்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். இன்றுவரை இலவசம்தான். இதே ராபர்ட் லிங்கன், புல்மனுக்குப் பிறகு புல்மன் கம்பெனியின் தலைவரானார் என்பதும் சரித்திரம். அப்பா அடிமைகளுக்கு விடுதலை கொடுத்தார். விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகள் பலர் மகனுடைய கம்பெனியில் ‘ஜார்ஜ்’ ஆக வேலை செய்தார்கள்.

லிங்கன் ரயில்வே வக்கீலாகவும் இருந்தவர். மிசிசிப்பி ஆற்றின் மேல் முதல் ரயில் பாலம் 1856-ல் ராக் ஐலண்டில் திறந்தது. இரண்டு வாரத்தில் ஒரு நீராவிக் கப்பல் தூணில் மோதித் தீப்பிடித்தது. கப்பல்காரர் வழக்குப் போட்டார். பாலத்தின் பக்கம் வாதாடிய லிங்கன், நீரோட்டத்தின் வேகம், தூணின் கோணம் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்து பேசினார். ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை; பாலம் தப்பியது. ஸ்பிரிங்ஃபீல்டில் அவர் 1861 பிப்ரவரி 11 அன்று ஊராரிடம் விடைபெற்று வண்டி ஏறிய ஸ்டேஷன் கட்டடமும் இருக்கிறது. நான்கு ஆண்டுக்குப் பின் அவர் உடல்தான் ரயிலில் திரும்பி வந்தது.

இன்னும் தெற்கே, செயின்ட் லூயிஸ் நகருக்கு எதிர்க்கரையில் கஹோக்கியா என்ற இடம் இருக்கிறது. கொலம்பஸுக்கு நெடுநாள் முன்பே, கி.பி. 1100 வாக்கில் பூர்வகுடி மக்கள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த நகரம். 1982 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. அதன் நடுவே மங்க்ஸ் மவுண்ட் என்ற மண் மேடு: உயரம் 100 அடி, அடிப்பரப்பு 14 ஏக்கர். சுமார் 2 கோடியே 20 லட்சம் கன அடி மண். வண்டியும் கிடையாது, இழுக்க மாடும் குதிரையும் கிடையாது. அத்தனையும் கூடையில் சுமந்து கொட்டியது. பத்தடி உயரத்தில் ஒற்றை அகலப்பாதைக்குக் கரை போட்டால் அந்த மண் ஏறக்குறைய 16 கிலோமீட்டருக்குக் காணும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மண் வேலைக்கு அளவு எழுதிய கை சும்மா இருக்குமா! 1961-ல் நெடுஞ்சாலைக்காகத் தோண்டிப் பார்த்தபோது, சூரியனின் போக்கை அளக்க அவர்கள் வட்டமாக நட்ட மரத்தூண்களின் குழிகள் தெரிந்தன. பார்த்துத் தோண்டியதால் அதாவது தெரிந்தது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

மே முதல் அக்டோபர் வரை நடக்க ஏற்ற காலம். ஜூலையில் வெயில் நம் ஊர் போலவே வியர்க்கும். தண்ணீர் பாட்டில் அவசியம். பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்க வேண்டாம், உண்ணி கடிக்கும். வலது ஓரமாகவே நடக்க வேண்டும். பின்னால் வரும் சைக்கிள்காரர் ‘ஆன் யுவர் லெஃப்ட்’ என்று குரல் கொடுத்தால், இடது பக்கமாகத் தாண்டுகிறார் என்று பொருள். நேராக நடந்தால் போதும். பதறி விலகினால்தான் ஆபத்து. மகனின் வீட்டு முகவரியைச் சட்டைப்பையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எதிரே வருபவர்கள் ‘ஹாய்’ சொல்வார்கள், நாமும் சொல்லலாம். என் மனைவிக்கு இரண்டாம் மாதத்திலேயே பாதையில் நான்கு சிநேகிதிகள். முழங்கால் வலியும் குறைந்தது என்கிறாள்.

கடைசியாக ஒன்று. நம் நாகபுரியிலிருந்து சிந்த்வாராவுக்கு ஓடிய இரண்டரை அடி அகல நேரோ கேஜ் வண்டி 2015-ல் நின்றதும், அகலப்பாதை வந்ததும் நமக்குத் தெரியும். அகலப்பாதை வேண்டியதுதான், அதற்காகவே உழைத்தவன் நான். ஆனால் அந்த லைனில் வேலை பார்த்த நம் தமிழர்களின் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த வண்டி நினைவிருக்கிறது? 2002-ல் திறந்த மோதிபாக் நேரோ கேஜ் மியூசியம் நம் ஊரிலேயே இருக்கிறது. சங்கத்தின் சார்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை அங்கே அழைத்துப்போகலாம். நம்மில் டிரைவராக, கார்டாக, கேங்மேனாக இருந்த பெரியவர்கள் அந்த எஞ்சின் பக்கத்தில் நின்று, தாங்கள் பார்த்ததைத் தங்கள் வாயாலேயே சொல்லட்டும். இளைஞர்கள் அதை எழுதி எடுத்து இந்த இதழுக்கே கொடுக்கட்டும். வாட்ஸ் அம்மையார் 70 வயதில் ஒரு கடிதம் எழுதியதால் 61 மைல் வழி பிழைத்தது. நம் சங்கத்தில் 70 வயதுக்காரர்களுக்குக் குறைவில்லை. வர விரும்புகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். முதல் பெயராக என்னுடையதை எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.